கைக்கருவி அதிர்வும் தொழிலாளர் விரல்களும்: நாள் ஏற்பளவை மதிப்பிடும் முறையும் அதன் இடர்களும்

ஆய்வுச் சுருக்கம்

மின்சாரம், காற்றழுத்தம், எரிபொருள் ஆகியவற்றால் இயங்கும் கைக்கருவிகளை நாள்தோறும் பிடித்து வேலை செய்வோரின் விரல்களில் இரத்தவோட்டமும் தொடுவுணர்வும் காலப்போக்கில் கெடுகின்றன. இக்கேட்டினை முன்கூட்டியே அறிவதற்கு, தொழிலாளியின் கை ஒரு நாளில் ஏற்கும் அதிர்வை ஒரே எண்ணாகத் திரட்டும் முறை பன்னாட்டுத் தரநிலைகளில் வகுக்கப்பட்டுள்ளது. அம்முறையின் கூறுகளை இக்கட்டுரை விளக்குகிறது. கருவியின்மேல் அச்சிட்ட மதிப்பையோ தொழிலாளி வாய்மொழியாகக் கூறும் வேலை நேரத்தையோ அப்படியே ஏற்றால், ஒரே தொழிலாளிக்கு மூன்று வெவ்வேறு தீர்ப்புகள் கிடைக்கக்கூடும் என்பதைக் கணக்கீட்டின் வழி காட்டுகிறது. வெப்பமண்டலச் சூழலில் நோயின் கண்கூடான அறிகுறி மறைந்திருக்கக்கூடும் என்பதால், இத்தகைய நாடுகளில் ஏற்பளவு மதிப்பீடு கூடுதல் இன்றியமையாமை பெறுகிறது என்பது கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்

கை–புய அதிர்வு, நாள் ஏற்பளவு, முடுக்கம், அதிர்வெண் எடையிடல், வெண்விரல் நோய், தொழில்சார் நலவாழ்வு.

முன்னுரை

தொழிற்கூடங்களில் ஓசை ஒரு தீங்கு என்பது பரவலாக அறியப்பட்ட செய்தி. ஓசையை அளக்கும் கருவிகளும் வரம்புகளும் சட்டத்தில் இடம்பெற்றுள்ளன. அதே கருவியிலிருந்து, அதே நேரத்தில், கைப்பிடி வழியாகத் தொழிலாளியின் உள்ளங்கைக்குள் புகும் அதிர்வு அவ்வளவு கவனம் பெறவில்லை. இந்தியாவில் கட்டடம் மற்றும் பிற கட்டுமானத் தொழிலாளர்களுக்கான 1998ஆம் ஆண்டின் மைய விதிகள் இதற்கு ஒரு சான்று. மிகையான ஓசையிலிருந்தும் அதிர்விலிருந்தும் தொழிலாளரைக் காக்க வேண்டும் என்று அவ்விதிகள் ஒரே தொடரில் கூறுகின்றன. ஆயின் ஓசைக்கு மட்டும் அட்டவணையில் எண் வரம்பு தரப்பட்டுள்ளது. அதிர்வுக்கு எண் எதுவும் தரப்படவில்லை. எண்ணில்லாத கடமையை நிறைவேற்றியதாகவும் மெய்ப்பிக்க இயலாது, மீறியதாகவும் மெய்ப்பிக்க இயலாது.

எனவே, அதிர்வை எவ்வாறு எண்ணாக்குவது என்பது வெறும் பொறியியல் வினா அன்று. கிரைண்டர், பிரேக்கர், துளையிடும் கருவி, சங்கிலி வாள் ஆகியவற்றைப் பிடித்துப் பிழைக்கும் ஒருவர், இன்னும் எத்தனை ஆண்டுகள் தம் சட்டைப் பொத்தானைத் தாமே போட்டுக்கொள்ள முடியும் என்பதோடு தொடர்புடைய வினா அது. இக்கட்டுரையில், உடல் ஏற்கும் அதிர்வின் அளவு 'ஏற்பளவு' என்றும், எட்டு மணி நேர வேலைநாளுக்குச் சமனாக்கிய அளவு 'நாள் ஏற்பளவு' என்றும் குறிக்கப்பெறுகின்றன. பின்னதைத் தரநிலைகள் ஏ(8) என்னும் குறியீட்டால் வழங்குகின்றன.

நோயை இனங்கண்ட வரலாறு

குளிரில் விரல்கள் வெளுத்து உணர்விழக்கும் நிலையை 1862ஆம் ஆண்டில் பிரெஞ்சு மருத்துவர் மோரிஸ் ரேனோ தம் ஆய்வேட்டில் விவரித்தார். காற்றழுத்தக் கருவிகளைப் பயன்படுத்தும் தொழிலாளரிடம் இதே போன்ற நிலை தோன்றுவதை இத்தாலியில் லொரிகா 1911இல் பதிவு செய்தார். இத்துறையில் திருப்புமுனையாக அமைந்தது, அமெரிக்க மருத்துவர் ஆலிஸ் ஹாமில்டன் இண்டியானா மாநிலத்தின் பெட்போர்டு என்னும் ஊரில் சுண்ணாம்புக்கல் செதுக்கும் தொழிலாளரிடம் மேற்கொண்டு 1918இல் வெளியிட்ட ஆய்வாகும். காற்றழுத்தச் சுத்தியலை ஒரு கையிலும் உளியை மறு கையிலும் பிடித்து வேலை செய்த அவர்களில் பெரும்பான்மையோருக்கு, குளிரில் விரல்கள் வெளுத்து மரத்துப்போயின. உளியைப் பற்றிய இடக்கையில் பாதிப்பு மிகுந்திருந்தது. கருவி, பிடிக்கும் முறை, குளிர் ஆகிய மூன்றும் நோயோடு கொண்ட தொடர்பு அன்றே தெளிவாக்கப்பட்டது.

அறுபது ஆண்டுகள் கழிந்து, 1978இல் அதே பெட்போர்டில் மற்றோர் ஆய்வுக்குழு கற்செதுக்குநர்களைப் பரிசோதித்தது. ஏறத்தாழ ஐவரில் நால்வருக்கு விரல் வெளுப்பு இருந்தது. கருவியின் அடிப்படை அமைப்பு பெரிதும் மாறாதிருந்தது, நோயும் மாறவில்லை.

இதற்கு நேர்மாறான சான்று பின்லாந்தின் காடுகளிலிருந்து கிடைக்கிறது. சுவோமுசால்மி வட்டாரத்தில் சங்கிலி வாளால் மரம் வெட்டும் தொழிலாளரை 1972 முதல் 1990 வரை ஆய்வாளர் தொடர்ந்து பரிசோதித்தனர. இக்காலத்தில் வாள்களின் எடையிட்ட அதிர்வு முடுக்கம் 14 மீ/வி² என்னும் அளவிலிருந்து 2 மீ/வி² அளவுக்குக் குறைந்தது. செயல்நிலையிலுள்ள விரல் வெளுப்பு 40 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்தது. இவ்விரு வரலாறுகளையும் அடுத்தடுத்து வைத்துக் காணும்போது, நோயை அறிந்திருப்பது மட்டும் நோயைத் தடுக்கவில்லை என்பதும், கைக்கு வந்து சேரும் அதிர்வைக் குறைத்ததே பயன் தந்தது என்பதும் புலனாகின்றன. குறைந்ததா இல்லையா என்று கூறுவதற்கு அளவீடு தேவை.

நோயின் இயல்பு

கை–புய அதிர்வு நோய்க்கூறு என்று இன்று வழங்கப்படும் நிலை மூன்று கூறுகளை உடையது. முதலாவது, விரல்களின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் குளிரில் மிகையாகச் சுருங்கி விரல் வெளுப்பது. இதுவே வெண்விரல் நோய் எனப்படும். இரண்டாவது, நரம்பு சார்ந்த கேடு: கூச்சம், மரப்பு, தொடுவுணர்வு மங்கல், சிறு பொருள்களைப் பற்றும் திறன் குறைதல். மூன்றாவது, தசை, எலும்பு, மூட்டுகளில் வலியும் பிடிவலிமைக் குறைவும். மணிக்கட்டில் நரம்பு நெருக்குண்ணும் கார்ப்பல் டனல் நோயும் அதிர்வுக் கருவியாளரிடம் காணப்படுகிறது.

இரத்தவோட்டக் கேடும் நரம்புக் கேடும் ஒன்றையொன்று சாராமல் முன்னேறக்கூடியவை. இதனால்தான் 1986ஆம் ஆண்டின் ஸ்டாக்ஹோம் பட்டறையில் வகுக்கப்பட்ட அளவுகோல், இரத்தவோட்டத்திற்கு ஒன்றும் நரம்புக்கு ஒன்றுமாக இரு தனித்தனி நிலைவரிசைகளைத் தருகிறது. இரு கைகளையும் தனித்தனியே மதிப்பிடுகிறது. விரல் வெளுக்காத ஒருவருக்கு உணர்விழப்பு முற்றியிருக்கலாம். முற்றிய நரம்புக் கேடு வேலையை நிறுத்திய பின்பும் பெரும்பாலும் மீள்வதில்லை. பிரிட்டனில் வெண்விரல் நோய் 1985இல் இழப்பீட்டுக்குரிய தொழில்நோய்ப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. பின்னர் அந்நாட்டு நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரிடமிருந்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இழப்பீட்டுக் கோரிக்கைகள் வந்தன. காலங்கடந்து கணக்கிட்டதற்குக் கொடுத்த விலையாக இதனைக் கொள்ளலாம்.

ஏற்பளவின் இரு கூறுகள்

ஏற்பளவு இரண்டு கூறுகளால் ஆனது: கைப்பிடியில் உள்ள அதிர்வின் வலிமை, கை அதனைப் பற்றியிருக்கும் நேரம். ஐ.எஸ்.ஓ. 5349 என்னும் தரநிலையின் 2001ஆம் ஆண்டு வெளியான இரு பகுதிகளும் இவற்றை அளக்கும் நெறிகளைக் கூறுகின்றன.

அதிர்வின் வலிமை முடுக்கமாக அளக்கப்படுகிறது. கைப்பிடியில், கை பற்றும் இடத்திற்கு மிக அருகில், முடுக்கமானி ஒன்று உறுதியாகப் பொருத்தப்படும். கை மேலும் கீழுமாக மட்டும் அதிர்வதில்லை என்பதால், ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று திசைகளிலும் அளவுகள் எடுக்கப்படும். அம்மூன்றையும் தனித்தனியே வருக்கமாக்கி, கூட்டி, வருக்கமூலம் காண்பதால் கிடைப்பதே மொத்த அதிர்வு மதிப்பு.

எல்லா அதிர்வெண்களும் ஒரே அளவில் கணக்கில் சேர்க்கப்படுவதில்லை. ஏறத்தாழ 8 முதல் 16 ஹெர்ட்ஸ் வரையிலான தாழ் அதிர்வுகளுக்கு முழு எடையும், அதற்கு மேல் அதிர்வெண் கூடக் கூட அதே விகிதத்தில் குறையும் எடையும் தரப்படுகின்றன. 160 ஹெர்ட்ஸில் இவ்வெடை பத்தில் ஒன்றாகச் சுருங்குகிறது. நிமிடத்திற்கு 12,000 சுற்று சுழலும் கிரைண்டரின் முதன்மை அதிர்வெண் 200 ஹெர்ட்ஸ். அதன் அதிர்வில் ஏறத்தாழ 8 விழுக்காடே கணக்கில் ஏறுகிறது என்பது இதன் பொருள். இவ்வெடையிடல் விரலின் இரத்தக் குழாய்களுக்கு உயர் அதிர்வெண்கள் விளைக்கும் தீங்கைக் குறைத்துக் காட்டுகிறது என்னும் மறுப்பு நெடுங்காலமாக உள்ளது. அதனை ஏற்று, இரத்தவோட்டக் கேட்டுக்கெனத் துணை எடையிடல் ஒன்றை ஐ.எஸ்.ஓ. 2017இல் தொழில்நுட்ப அறிக்கையாக வெளியிட்டது. எனினும் சட்ட வரம்புகள் அனைத்தும் இன்றும் பழைய எடையிடலையே அடிப்படையாகக் கொண்டுள்ளன. கிரைண்டர் போன்ற உயர்வேகக் கருவிகளின் எண் சிறிதாக இருப்பதாலேயே அவை தீங்கற்றவை என்று முடிவுகட்டலாகாது.

இரண்டாவது கூறாகிய நேரம், மொத்த அதிர்வு மதிப்போடு பின்வருமாறு இணைக்கப்படுகிறது: கருவி அதிரும்போது கை பற்றியிருந்த நேரத்தை எட்டு மணி நேரத்தால் வகுத்து, வருக்கமூலம் கண்டு, அதனை மொத்த அதிர்வு மதிப்பால் பெருக்கினால் நாள் ஏற்பளவு கிடைக்கும். ஒருவர் பன்னிரண்டு மணி நேரம் வேலை செய்தாலும் வகுக்கும் எண் எட்டே. ஒரே நாளில் பல கருவிகளைப் பயன்படுத்தினால், ஒவ்வொன்றின் ஏற்பளவையும் வருக்கமாக்கிக் கூட்டி, அத்தொகையின் வருக்கமூலம் காண வேண்டும்.

இவ்வாய்பாட்டில் பொதிந்துள்ள உண்மை ஒன்று கவனத்திற்குரியது. அதிர்வின் வலிமை இருமடங்கானால், ஏற்பளவு மாறாதிருக்க வேலை நேரத்தை நான்கில் ஒன்றாகக் குறைக்க வேண்டும். மறுதலையாக, அதிர்வைப் பாதியாகக் குறைத்த கருவியை அதே ஏற்பளவில் நான்கு மடங்கு நேரம் பயன்படுத்தலாம். நேரத்தைக் குறைப்பதைவிடக் கருவியை மாற்றுவது ஏன் மிகுந்த பயன் தருகிறது என்பதற்குப் பின்லாந்துச் சான்றின் கணித விளக்கம் இதுவே.

வரம்புகளும் புள்ளி முறையும்

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2002/44 எண்ணுள்ள நெறியாணை இரண்டு வரம்புகளை வகுத்தது. நாள் ஏற்பளவு 2.5 மீ/வி² எட்டினால், அதிர்வைக் குறைக்கும் திட்டமும் மருத்துவக் கண்காணிப்பும் தொடங்க வேண்டும். இது செயல் வரம்பு. 5 மீ/வி² தாண்டக் கூடாதது. இது உச்ச வரம்பு. பிரிட்டனின் 2005ஆம் ஆண்டு விதிகளும் இவ்விரு எண்களையே ஏற்றன.

வருக்கமூலக் கணக்கு பணிமனை மேற்பார்வையாளருக்கு எளிதன்று என்பதால், பிரிட்டனின் நலவாழ்வு மற்றும் பாதுகாப்பு நிர்வாகம் புள்ளி முறை ஒன்றைப் பரப்பியது. அதிர்வு மதிப்பை வருக்கமாக்கி இரண்டால் பெருக்கினால் ஒரு மணி நேரத்திற்கான புள்ளி கிடைக்கும். நாள் முழுவதற்குமான புள்ளிகளை நேரடியாகக் கூட்டலாம். 100 புள்ளி செயல் வரம்பு. 400 புள்ளி உச்ச வரம்பு. ஏற்பளவு இருமடங்காகும்போது புள்ளி நான்கு மடங்காவதை இவ்விரு எண்களே காட்டுகின்றன.

ஒரே தொழிலாளி, மூன்று தீர்ப்புகள்

மதிப்பீட்டில் நேரும் பிழைகளின் அளவை உணர்வதற்கு விளக்கக் கணக்கு ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். எண்கள் விளக்கத்திற்காகக் கொள்ளப்பட்டவை. எக்கருவியின் அளவீடும் அல்ல. ஒரு தொழிலாளி காலையில் பிரேக்கரால் பழைய தளத்தை உடைக்கிறார்; பின்னர் கிரைண்டரால் விளிம்புகளைத் தேய்க்கிறார். பணியிடத்தில் அளந்தபோது பிரேக்கரின் மதிப்பு 12 மீ/வி², கிரைண்டரின் மதிப்பு 6 மீ/வி². கடிகாரம் கொண்டு கவனித்ததில் பிரேக்கர் அரை மணி நேரமும் கிரைண்டர் ஒன்றரை மணி நேரமும் உண்மையில் இயங்கின. புள்ளிகள் முறையே 144, 108, கூடுதல் 252. நாள் ஏற்பளவு 4.0 மீ/வி². செயல் வரம்பைத் தாண்டியது. உச்ச வரம்புக்குக் கீழ்.

இரண்டாவது மதிப்பீட்டாளர் அளக்கவில்லை. உற்பத்தியாளரின் கையேட்டில் பிரேக்கருக்கு 8, கிரைண்டருக்கு 4 என்று இருப்பதை எடுத்துக்கொள்கிறார். நேரம் அதுவே. புள்ளிகள் 64, 48, கூடுதல் 112. நாள் ஏற்பளவு 2.6 மீ/வி². செயல் வரம்பை ஒட்டியே நிற்பதால், அவசரம் ஏதுமில்லை என்று எழுதப்படலாம்.

மூன்றாவது மதிப்பீட்டாளர் அதிர்வைச் சரியாக அளக்கிறார். நேரத்தைத் தொழிலாளியிடம் கேட்கிறார். கிரைண்டரில் நான்கு மணி நேரம் வேலை என்று விடை வருகிறது. அந்நான்கு மணி நேரத்தில் கல்லைத் திருப்பியது, வட்டு மாற்றியது, அளவு பார்த்தது அனைத்தும் அடங்கும். புள்ளிகள் 144, 288, கூடுதல் 432. நாள் ஏற்பளவு 5.2 மீ/வி². உச்ச வரம்பைத் தாண்டியதால் வேலையை உடனே நிறுத்த வேண்டும்.

ஐ.எஸ்.ஓ. 5349 முதற்பகுதியின் இணைப்பு ஒன்று, ஏற்பளவுக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பைத் தருகிறது. ஏறத்தாழ நாள்தோறும் அதிர்வேற்கும் குழுவில் பத்தில் ஒருவருக்கு விரல் வெளுப்பு தோன்ற எத்தனை ஆண்டுகள் ஆகும் என்பதே அது. அதன்படி மேற்கண்ட மூன்று எண்களும் முறையே ஏறத்தாழ 7, 11, 5½ ஆண்டுகளைச் சுட்டுகின்றன. இத்தொடர்பு குழுவுக்கு உரியது. தனியொருவரின் எதிர்காலத்தை அதனால் கூற இயலாது. எனினும் கை ஒன்று, நாள் ஒன்று, வேலை ஒன்று. மதிப்பீட்டாளர் மாறியதால் மட்டும் தீர்ப்பு மாறிவிட்டது. இப்பிழைகள் எங்கிருந்து நுழைகின்றன என்பதை அடுத்துக் காணலாம்.

பிழை நுழையும் வாயில்கள்

அ. அச்சிட்ட மதிப்பு

இயந்திரங்களுக்கான ஐரோப்பிய நெறியாணை, கைக்கருவியின் அதிர்வு மதிப்பு 2.5 மீ/வி² தாண்டினால் அதனை அறிவிக்குமாறு உற்பத்தியாளரைப் பணிக்கிறது. இம்மதிப்பு ஐ.எஸ்.ஓ. 28927 போன்ற தரநிலைகளின்படி ஆய்வுக்கூடத்தில், வரையறுத்த நிலையில், நல்ல நிலையிலுள்ள கருவியைக் கொண்டு பெறப்படுகிறது. அதன் நோக்கம் ஒரே வகைக் கருவிகளை ஒப்பிட்டு வாங்க உதவுவது. பணியிடத்திலோ வட்டு தேய்ந்து சமநிலை இழந்திருக்கும், தாங்குருளைகள் தளர்ந்திருக்கும், கல்லின் கடினம் மாறும், தொழிலாளி கருவியைச் சாய்த்து அழுத்துவார். ஆகவே, வாங்கும்போது கைகொடுக்கும் எண், ஏற்பளவைக் கணக்கிடும்போது கைவிடக்கூடும். அறிவிக்கப்பட்ட மதிப்பைப் பயன்படுத்த வேண்டிய சூழலில் உரிய பெருக்கு காரணிகளோடு பயன்படுத்தும் வழியை ஐரோப்பியத் தரநிலைக் குழுவின் 15350 எண் கொண்ட தொழில்நுட்ப அறிக்கை கூறுகிறது.

ஆ. முடுக்கமானியைப் பொருத்தும் இடமும் முறையும்

முடுக்கமானியும் அதன் தாங்கியும் கைப்பிடியின் நிறையோடு ஒப்பிடச் சிறியவையாக இருக்க வேண்டும். இல்லையேல் அளக்கும் கருவியே அளக்கப்படும் அதிர்வை மாற்றிவிடும். மென்மையான ரப்பர் உறையின்மேல் தளர்வாகப் பொருத்தினால், முடுக்கமானி தன்போக்கில் ஆடும். பிரேக்கர் போன்ற மோதற் கருவிகளின் கூரிய அதிர்ச்சிகள், உண்மையில் இல்லாத தாழ் அதிர்வுகளைப் பதிவில் தோற்றுவிக்கக்கூடும். இதனைத் தவிர்க்க இயந்திர வடிகட்டி இடையில் வைக்கப்படுகிறது. இரு கைப்பிடி உள்ள கருவியில் இரண்டையும் அளந்து, உயர்ந்த மதிப்பைக் கொள்ள வேண்டும். பெட்போர்டில் இடக்கையே மிகுதியாகப் பாதிக்கப்பட்டதை இங்கு நினைவுகூரலாம். மணிக்கட்டில் அணியும் கருவிகள் கைப்பிடியின் அதிர்வை நேரே அளப்பதில்லை. ஆகவே அவற்றின் எண்ணைத் தரநிலை மதிப்பின் இடத்தில் வைத்தல் பொருந்தாது.

ஓர் அளவீடும் 8 நொடிக்குக் குறையாமல், குறைந்தது மூன்று முறை, மொத்தம் ஒரு நிமிடத்திற்குக் குறையாமல் அமைய வேண்டும் என்று தரநிலை வழிகாட்டுகிறது. இம்மூன்றும் அன்றாட வேலையின் உண்மைக் கட்டங்களிலிருந்து எடுக்கப்பட வேண்டும். மதிப்பீட்டாளர் முன்னிலையில் செய்து காட்டும் ஒழுங்கான வேலையிலிருந்து அன்று.

இ. நேரம்

மதிப்பீட்டில் செலவு மிகுந்தது அதிர்வளவீடு. ஆனால் எளிதில் தவறுவது நேரம். தொழிலாளி பொய் சொல்வதில்லை. அவரைப் பொறுத்தவரை கிரைண்டர் வேலை என்பது கருவியை எடுத்தது முதல் வைத்தது வரையிலான முழுவேலை. வாய்பாடு வேண்டுவது கருவி அதிரும்போது கை பற்றியிருந்த நேரத்தை மட்டும். இவ்விரண்டு வேறுபட்ட வினாக்களுக்கு ஒரே விடையைப் பயன்படுத்துவதே பிழை.

நம்பத்தகுந்த வழிகள் சில உள்ளன. ஒரு வேலைச் சுழற்சியைக் கடிகாரத்தாலோ காணொளியாலோ பதிவு செய்து, கருவி இயங்கிய நொடிகளைக் கூட்டி, நாளில் முடித்த பொருள்களின் எண்ணிக்கையால் பெருக்கலாம். ஒரு வட்டு தேயும் நேரத்தை அறிந்தால், மாலையில் குப்பைத் தொட்டியில் கிடக்கும் வட்டுகளின் எண்ணிக்கை அக்கணக்கைச் சரிபார்க்க உதவும். துண்டுக் கூலி முறையில் வேலை செய்வோரிடம் ஒரு நாளின் கணக்கு போதாது; பணி குவியும் நாளையும் குறைந்த நாளையும் தனித்தனியே காண வேண்டும்.

ஈ. மிகைத் துல்லியம்

மேற்கண்ட அனைத்தையும் கவனத்துடன் செய்த பின்பும், நாள் ஏற்பளவின் நிச்சயமின்மை 20 முதல் 40 விழுக்காடு வரை இருக்கலாம் என்று தரநிலையே ஒப்புக்கொள்கிறது. இரண்டு பொருளுறு இலக்கங்களுக்கு மேல் எழுதவேண்டாம் என்றும் அறிவுறுத்துகிறது. 4.9 என்று கண்டதால் 5க்குக் கீழ் என நிறைவடைவது அறிவியல் அன்று. வரம்பை ஒட்டிய எண்ணைத் தாண்டியதாகவே கொண்டு நடவடிக்கை எடுத்தலே முறை.

கையுறை பற்றிய ஒரு தெளிவு

அதிர்வுத் தடுப்புக் கையுறை அணிந்தால் போதும் என்னும் எண்ணம் பரவலானது. இவற்றைச் சோதிக்கும் ஐ.எஸ்.ஓ. 10819 தரநிலையின் 2013ஆம் ஆண்டுப் பதிப்பு, 25 முதல் 200 ஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வில் 90 விழுக்காடு வரை கையுறை ஊடாகக் கடந்துசெல்வதை ஏற்கிறது. அதற்கு மேற்பட்ட அதிர்வெண்களில் 60 விழுக்காடு வரை ஏற்கிறது. ஏற்பளவுக் கணக்கில் முழு எடை பெறும் தாழ் அதிர்வுகளைக் கையுறை அநேகமாகக் குறைப்பதே இல்லை. கடினமான கையுறை பிடியை இறுக்கச் செய்தால், அதிர்வு கைக்குள் மேலும் நன்றாகப் பரவும். கையுறையின் உறுதியான பயன், கையைக் காயத்திலிருந்து காப்பதும் குளிரிடங்களில் வெதுவெதுப்பாக வைப்பதும் ஆகும். மதிப்பீட்டு அறிக்கையில் கையுறைக்காக ஏற்பளவைக் குறைத்துக் காட்டுவதற்கு இடமில்லை.

வெப்பமண்டலச் சூழலில் மதிப்பீட்டின் இன்றியமையாமை

இந்நோய் பற்றிய அறிவு பெரும்பாலும் குளிர்நாடுகளில் உருவானது. பெட்போர்டின் குளிர்காலமும் பின்லாந்தின் காடும் விரல் வெளுப்பைக் கண்முன் நிறுத்தின. தொழிலாளி கையை நீட்டிக் காட்டினால் மருத்துவருக்கு வேறு சான்று தேவைப்படவில்லை. வெப்பமண்டல நாடுகளில் அக்குளிர்த் தூண்டல் அரிது. மலேசியக் கட்டுமானத் தொழிலாளரிடம் நடத்தப்பட்ட ஆய்வு போன்றவற்றில் விரல் வெளுப்பு அன்று, மரப்பும் கூச்சமும் விரல் குளிர்ச்சியுமே முன்னிற்கின்றன.

கிருஷ்ணகிரி வட்டாரத்தின் கருங்கல் பட்டறைகளிலும் மாமல்லபுரத்தின் சிற்பக் கூடங்களிலும் உளியோடு கிரைண்டரும் இன்று அன்றாடக் கருவியாகிவிட்டது. இத்தகைய இடங்களில் வெளுத்த விரலைத் தேடும் மருத்துவப் பரிசோதனை, நோயில்லை என்று முடிவு தரக்கூடும். மரப்போ வயதுக்கும் சர்க்கரை நோய்க்கும் வேலைக் களைப்புக்கும் உரியதாக எண்ணப்பட்டு மறைந்துபோகக்கூடும். கண்ணில் படாத நோய்க்குக் கைப்பிடியில் அளந்த எண்ணே முதற்சான்று. நோயாளிகளின் எண்ணிக்கை குறைவு என்பதை அதிர்வளவீடு தேவையில்லை என்பதற்குக் காரணமாகக் காட்டுவது, சூழலின் இயல்பையே தலைகீழாகப் படிப்பதாகும்.

அளவீட்டுக் கருவி வாங்க வசதியில்லாத சிறு பட்டறைகளிலும் மதிப்பீடு இயலாததன்று. வெளியிடப்பட்ட அளவீட்டுத் தொகுப்புகளிலிருந்து அவ்வகைக் கருவிக்குரிய பணியிட மதிப்பை எடுத்து, நேரத்தை உண்மையாகக் கவனித்துப் புள்ளிக் கணக்கிடலாம். 12 மீ/வி² உள்ள பிரேக்கர் 21 நிமிடத்திலேயே செயல் வரம்பை எட்டிவிடும் என்பதை அறிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. விரல் நுனியின் அதிர்வுணர்வையும் ஊசிமுனை உணர்வையும் ஆண்டுதோறும் சோதித்துப் பதிந்து வருவது இதற்குத் துணைநிற்கும்.

முடிவுரை

கைக்கருவி அதிர்வின் நாள் ஏற்பளவு, அதிர்வின் வலிமையும் பற்றிய நேரமும் சேர்ந்த ஒற்றை எண். அவ்வெண்ணின் நம்பகம், கருவியின் விலைச்சீட்டிலோ தொழிலாளியின் மதிப்பீட்டுச் சொல்லிலோ இல்லை. பணியிடத்தில், உண்மையான வேலையில், கைப்பிடியிலும் கடிகாரத்திலும் உள்ளது. அச்சிட்ட மதிப்பு இடரைக் குறைத்தும், வாய்மொழி நேரம் அதனைக் கூட்டியும் காட்டக்கூடும் என்பதை விளக்கக் கணக்கு காட்டியது. இரண்டு பிழைகளும் ஒன்றையொன்று சரிசெய்துகொள்ளும் என்று நம்புவதற்கு அடிப்படை இல்லை.

அளவீடு தன்னளவில் எவரையும் காப்பதில்லை. ஹாமில்டனின் ஆய்வுக்குப் பின் அறுபது ஆண்டுகள் பெட்போர்டில் நோய் தொடர்ந்தது அதற்குச் சான்று. அளவீட்டின் விடை கருவியை மாற்றவும், பராமரிக்கவும், வேலையைப் பகிரவும் இட்டுச்சென்றால்தான் சுவோமுசால்மியில் நேர்ந்தது வேறிடங்களிலும் நேரும். இந்திய விதிகளில் ஓசைக்கு உள்ளது போல அதிர்வுக்கும் எண் வரம்பு வகுக்கப்படுதல் அதற்கான முதற்படி. வெப்பமண்டலத் தொழிலாளரின் உணர்விழப்பை ஏற்பளவோடு இணைத்துக் காணும் நீண்டகால ஆய்வுகள் அவ்வரம்புக்கு உரிய அடித்தளத்தை அமைக்கும்.